பதினான்காம் வரிசை

"வாயை இன்னுங் கொஞ்சம் தெறங்க மேடம், ஆங், அப்படியே வெச்சுக்கங்க" என்றார் டாக்டர் நாச்சிமுத்து. சுகிர்தா திறந்தாள். ஊசி ஈறுக்குள் இறங்கிய இடத்தில் ஒரு கசப்பு பரவி, கீழுதடு மெல்ல அவளுடையதாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. "மரத்துப் போக பத்து நிமிஷம் ஆகும். வலிச்சா எடது கையைத் தூக்குங்க, நிறுத்திர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் உதவிக்கு நின்ற மேகலா பக்கம் திரும்பி எக்ஸ்ரேயைக் கேட்டார். சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். பெங்களூரிலிருந்து அவளுடைய மேலதிகாரி வரதன் சாரும் சென்னையிலிருந்து மரம் நடும் திட்டத்துக்காரர்களும் திரையில் வந்து உட்கார்வார்கள், அவளும் கோயமுத்தூரில் தன் அறையில் உட்கார்ந்து தலையசைக்க வேண்டும், அறிக்கை இறுதியாகிவிடும், அவ்வளவுதான். தலையசைக்க வாய் எதற்கு என்று நினைத்துத்தான் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினாளா? இல்லை, கடைவாய்ப் பல் மூன்று இரவாகத் தூங்கவிடவில்லை, வேறு நேரம் காலி இல்லை என்று மேகலாதான் போனில் சொன்னாள். ஆனாலும் ஒரு மனசு அப்படி நினைத்திருக்கும். மரத்த வாயோடு ஒருத்தி கூட்டத்தில் எதுவும் சொல்லவில்லை என்றால் யார் ஏன் என்று கேட்கப்போகிறார்கள்? டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பல்லுல நெட்டுக்க விரிசல் விட்டிருக்குது பாருங்க. தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்களா மேடம்?" வாயில் பஞ்சு இருந்ததால் அவள் கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வாரமாகக் கடிக்கிறாள். அதற்கு முன்னால் கடித்ததில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மண் பரிசோதனை முடிவு வந்த அன்றைக்கு ராத்திரிதான் முதல்முதலாகத் தாடை வலித்து எழுந்தாள்.

முடிவு ஒரே ஒரு பக்கம். அதைப் பார்த்த உடனே அவளுக்குப் பதினான்காம் வரிசை ஞாபகம் வந்தது. அது வந்த வேகம்தான் இன்னமும் பயமாக இருக்கிறது, பன்னிரண்டு வருஷமாக அது உள்ளே எங்கேயோ விழித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அவள் போட்ட அட்டவணையில் முப்பத்தோரு வரிசை. இந்தத் துணைக்கண்டத்தின் மொத்தப் பச்சையையும் முப்பத்தோரு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலை எவ்வளவு, வேர் எவ்வளவு ஆழம், மண்ணுக்குள் கார்பன் எவ்வளவு, அது எத்தனை வருஷம் அங்கே தங்கும் என்று எண்களைப் போட்டால், பருவநிலை மாடல் அந்த எண்களை எடுத்துக்கொண்டு ஓடும். நாம் காற்றில் விடுகிற கார்பனில் ஏறக்குறையப் பாதிதான் காற்றிலேயே தங்குகிறது, மிச்சத்தைக் கடலும் நிலமும் இழுத்துக்கொள்கின்றன என்று முதலாண்டு மாணவர்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள். நிலத்தின் பங்கை ரொம்ப காலம் யாரும் நேரடியாக அளக்கவே இல்லை, எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதி நின்றதை நிலத்தின் தலையில் போட்டார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த அட்டவணையைப் போட்டபோது, அவள் முனைவர் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். பதிமூன்றாவது வரிசை, இலையுதிர்க்கும் முட்காடு, அதற்கு எண் இருந்தது. பதினைந்து, வெற்று நிலம், அதற்கும் இருந்தது. பதினான்கு, முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலம், அதற்கு எங்கே தேடியும் ஒரு அளவும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை மாடலை ஓட்டியாக வேண்டும். பதினைந்தின் எண்களை அப்படியே எடுத்துப் பதினான்கில் ஒட்டினாள். வேரின் ஆழம் பத்து சென்டிமீட்டர். மண் கார்பன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஓரத்தில் "பிறகு சரிபார்க்க" என்று ஒரு குறிப்பும் எழுதினாள், நேர்மையான பெண்தான். அந்தக் குறிப்பு அடுத்த பதிப்பில் யாரோ கோப்பைச் சுத்தம் செய்தபோது போய்விட்டது. எண்கள் போகவில்லை. எண்கள் ஒருபோதும் போவதில்லை, யாராவது நகல் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், மூன்று நாட்டில் மூன்று குழுக்கள் அந்த அட்டவணையைப் பயன்படுத்துகின்றன, எல்லோருடைய கட்டுரையிலும் அவள் பெயர் அடிக்குறிப்பில் மரியாதையாக நிற்கிறது.

"ரப்பர் ஷீட்டை மாட்டிக்கலாம்" என்றார் டாக்டர். உதட்டின் மேல் பச்சை ரப்பர் ஒன்றை இழுத்துக் கட்டினார்கள், மூக்கால் மட்டும்தான் மூச்சுவிட முடிந்தது, கிராம்பு எண்ணெய் வாசம், அதற்கு மேல் டாக்டர் காலையில் குடித்த காப்பியின் வாசம். துளைப்பான் அலறியது. வலி இல்லை, அதிர்வு மட்டும் தாடை வழியாகக் காதுக்குப் பின்னால் போய் நின்றது. பல்லின் வேர், புல்லின் வேர் என்று ஒரு நொடி தோன்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுச்சூழல் தினத்துக்கு எழுதுகிற போஸ்டர் மாதிரி இருக்கிறதே என்று எரிச்சலோடு தள்ளிவிட்டாள். ஆனால் வேரை அவள் பார்த்தது நிஜம். காங்கயத்துக்குக் கிழக்கே அந்தக் கொரங்காட்டில், முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்கு அங்கே அதுதான் பெயர், சென்னியப்பனின் ஆறு ஏக்கரில். போன மாதம் மண் எடுக்கப் போனபோது குழாயை அடித்து இறக்கினார்கள். பத்து சென்டிமீட்டரில் வேர் முடியவில்லை, முப்பதில் முடியவில்லை, அறுபதில் சுண்ணாம்புச் சுக்கான் கல் தட்டுகிற வரைக்கும் மெல்லிய பழுப்பு நூல் நூலாக வந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே ஒரு வெள்வேல மரம், மரத்தடியில் செம்மறிகள், மற்றபடி முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த கொழுக்கட்டைப் புல். சென்னியப்பன் ஐம்பது வயதுக்காரர், வேலியை வெட்டிச் செருகிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் மேடம், மண்ணுக்குள்ள அப்படி என்னத்தைத் தேடறீங்க?" "கார்பன் எவ்வளவு இருக்குன்னு பாக்கறோங்க. கரி மாதிரி." "கரியா? கரி இங்க ஏதுங்க, தேங்காத் தொட்டியை எரிச்சுக் கரி சுடற எடத்துக்குப் போங்க, லோடு லோடா கெடக்குது" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். குழாயைப் பிடித்திருந்த கை மட்டும் சிரிக்கவில்லை, அதற்கு அப்போதே தெரிந்துவிட்டது. கையில் ஈரமில்லாத கறுப்பு மண் உதிர்ந்தது. அந்தச் செம்மண் காட்டில் வேர் ஓடின இடம் மட்டும் கறுத்திருந்தது.

அது போன மாதம். அதற்கும் ஒன்பது மாதத்துக்கு முன்னால் முதல் தடவை போனது இருக்கிறதே, அதை நினைக்கக்கூடாது என்று துளைப்பான் சத்தத்தைக் கவனித்தாள், விளக்கின் விளிம்பில் இருந்த கீறலைக் கவனித்தாள், மேலே கூரைப் பலகைகளை எண்ணினாள், நெட்டுக்கு ஏழு, குறுக்கே ஒன்பது, அறுபத்து மூன்று, ஒவ்வொரு கட்டமும் ஒரு கட்டம், மாடலும் நிலத்தை இப்படித்தான் கட்டம் போடுகிறது, ஒரு கட்டத்துக்குள் என்ன இருந்தாலும் ஒரு எண்தான், ஏழாவது வரிசை மூன்றாவது கட்டத்தில் தண்ணீர் கசிந்த கறை ஒன்று இருக்கிறது, அதற்குள் சென்னியப்பன் நிற்கிறார். அன்றைக்கு அவள் கையில் வரைபடம் இருந்தது. மாடல் போட்ட வரைபடம், மரம் நட ஏற்ற காலி இடமெல்லாம் பச்சையாக. அந்தத் தாலுகாவே பச்சை. சென்னியப்பன் எட்டிப் பார்த்து, "எங்க காடு எதுங்க?" என்று கேட்டார். காட்டினாள். "தரிசுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா? மரம் நடறதுக்குக் குத்தகைக்குக் கேக்கறாங்க. எனக்கும் முட்டி போச்சு, பொண்ணு திருச்சில படிக்கறா, ஆடு மேய்க்க ஆளில்லை. குடுத்தரலாமுங்களா?" அவர் யோசனை கேட்கவில்லை, பேச்சுக்குத்தான் கேட்டார், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அவள் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "நல்ல திட்டம்தாங்க. சும்மா கெடக்கற நெலம்தானே, மரம் வந்தா எல்லாருக்கும் நல்லது" என்றாள். சும்மா கிடக்கிற நிலம். முப்பது செம்மறிகள் அந்தச் சும்மாவைத் தின்றுகொண்டு நின்றன. அவள் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அவர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார்.

"மேகலா, சக்‌ஷனை இந்தப் பக்கம் வெய்யி. எங்க சின்ன மாமா பையன் கல்யாணம் ஞாயித்துக்கிழமை, நீ லீவு கேக்காத." "நான் எங்க டாக்டர் கேட்டேன்? போன வாரம் கேட்டது உங்க வீட்டம்மாதான்." எச்சில் உறிஞ்சும் குழாய் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு கீச்சென்றது. மண் முடிவு வந்த பிறகு பதினான்காம் வரிசையைத் திருத்தி மாடலை ஓட்டினாள். முதல் தடவை வந்ததை நம்பாமல் இரண்டாம் தடவை, பிறகு மூன்று, நான்கு. புல்லுக்கு அதன் வேரைக் கொடுத்ததும் பச்சை இடம் முழுக்க நிறம் மாறியது. நிலத்தை உழுது குழி தோண்டினால் மண்ணுக்குள் இருக்கிற கார்பன் வெளியே வரும், மரம் வளர்ந்து அதை ஈடுகட்டப் பல வருஷம் ஆகும், மழை குறைந்த கட்டங்களில் ஈடுகட்டவே முடியாது. இழுத்துக்கொள்கிற இடம் என்று அவள் சொன்ன இடம் உமிழ்கிற இடமாக வந்து நின்றது. வரதன் சாரிடம் சொன்னாள். எண்ணைக் காட்டினாள், பழைய எண் எப்படி வந்தது என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "ஒரு தாலுகா சாம்பிளை வெச்சு ஒரு வகையையே மாத்த முடியாது சுகிர்தா. அடுத்த பதிப்புல திருத்திக்கலாம். இப்ப இதைக் கெளப்பினா, மாடல் எல்லாமே பொய்னு சொல்றதுக்குன்னு ஒரு கூட்டம் காத்துக்கிட்டிருக்கு, அவங்களுக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆகும்." அது தப்பா? அதில் பாதி சரிதானே? பாதி சரியாக இருப்பதுதான் தொல்லை. வெயில் கூடுவது பொய்யில்லை, கடல் ஏறுவது பொய்யில்லை, முப்பது வரிசை சரியாக இருக்கலாம், ஒரு வரிசைக்காக முப்பதையும் கீழே போட்டு உடைப்பார்கள், செய்தித்தாளில் பெட்டி போட்டு, விஞ்ஞானி ஒப்புதல் என்று. அந்தப் பெட்டிக்குள் தன் புகைப்படத்தை அவள் பார்த்தாள். எந்தப் புகைப்படம் போடுவார்கள், நிறுவனத்தின் வலைத்தளத்தில் இருக்கிற, நீலப் புடவை, பற்கள் தெரியச் சிரிக்கிற அதுவா? பதவி உயர்வு நேர்காணல் அடுத்த மாதம். இதையும் நினைக்கிறாயா, இந்த நேரத்தில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு? நினைக்கிறாள். நினைக்காதவள் மாதிரி நடிக்க இங்கே யார் இருக்கிறார்கள், பச்சை ரப்பருக்கு அடியில்?

அவள் இடது கை மேலே போனது. துளைப்பான் உடனே நின்றது. "வலிக்குதுங்களா?" தலையை ஆட்டினாள், இல்லை. "மூச்சு முட்டுதா?" இல்லை. "பின்ன என்ன மேடம்?" தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, வார்த்தையாக வரவில்லை. மேகலா அவள் தோளைத் தொட்டு, "பயந்துக்காதீங்க மேடம், பாதி முடிஞ்சிருச்சு" என்றாள். பயந்துக்காதீங்க. எதற்குப் பயம் என்று தெரிந்தால் சொல்லிவிடலாம். ஊசி மாதிரி ஒரு அரம் பல்லின் உள்ளே இறங்கி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, டாக்டர் நீளத்தை மில்லிமீட்டரில் சொல்ல மேகலா எழுதினாள், பத்தொன்பது, பத்தொன்பதரை. பார், அரை மில்லிமீட்டருக்கு இவர்கள் திரும்ப அளக்கிறார்கள். புதன்கிழமை சென்னியப்பன் இரண்டு முறை கூப்பிட்டார். திரையில் பெயர் வந்து வந்து நின்றது, அவள் மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. என்ன சொல்லக் கூப்பிட்டிருப்பார்? குழி தோண்டும் இயந்திரம் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று திட்டத்துக்காரர்களின் கடிதத்தில் இருந்தது. இன்றைக்கு வெள்ளி. இன்றைக்கு வெள்ளி என்பது காலையிலிருந்து தெரியும், கூட்டம் என்கிற வெள்ளி. இயந்திரத்தின் வெள்ளியும் இதே வெள்ளிதான் என்பது இப்போதுதான், இந்த நாற்காலியில், அவளுக்கு உறைத்தது. அறிக்கை இறுதியான பிறகுதான் வேலை தொடங்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தில் அப்படி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. பன்னிரண்டு மணி வரை நேரம் இருக்கிறது என்று இரண்டு வாரமாக அவள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது வெறும் நினைப்பு. மணி பதினொன்று பத்து. முடியுங்கள், சீக்கிரம் முடியுங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள், டாக்டர் பார்க்கவில்லை, பஞ்சைத் திணித்து, மருந்தை வைத்து, தற்காலிகமாக அடைத்து, கடித்துப் பார்க்கச் சொல்லி, சிவப்புத் தாளை வைத்து மறுபடியும் கடிக்கச் சொன்னார். "அடுத்த வாரம் ரெண்டாவது சிட்டிங். ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணும் சாப்பிடாதீங்க, உதட்டைக் கடிச்சுருவீங்க. பேசறதும் கொஞ்சம் கொழறும், பயந்துக்க வேண்டாம்."

வெளியே காத்திருக்கும் அறையில் நான்கைந்து பேர் இருந்தார்கள், மூலையில் டிவி ஒன்று சத்தமில்லாமல் ஓடியது. அவள் நின்றபடியே வரதன் சாரைக் கூப்பிட்டாள். வேகமாகச் சொல்லிவிட வேண்டும், யோசித்தால் போய்விடும். "சார், சுகிர்தா." அவளுக்கே புரியாத மாதிரி வந்தது, கீழுதடு எங்கேயோ தொங்கியது. "என்னாச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு?" "பல்லு. விடுங்க சார். அந்தப் பதினாலாவது வரிசை. அதை நான்தான் போட்டேன். அளவே இல்லாம, பதினஞ்சுல இருந்து காப்பி எடுத்துப் போட்டேன். படிக்கறப்ப." அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது, காரில் போய்க்கொண்டிருந்தார் போல. "கூட்டத்துல நான் இதைச் சொல்லப்போறேன் சார். அறிக்கையில என் பேரு இருக்கற வரைக்கும் இது போகக்கூடாது." "சுகிர்தா, இது உனக்கு என்ன பண்ணும்னு தெரியுமா?" "தெரியும் சார்." தெரியாது, கொஞ்சம்தான் தெரியும், ஆனால் அந்த வாயால் அவ்வளவு நீளமாகச் சொல்ல முடியவில்லை. அவர், "எழுத்துல அனுப்பு. இப்பவே. கூட்டத்துக்கு முன்னாடி நான் படிக்கணும்" என்றார். கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போனிலேயே தட்டினாள், ஏழு வரி, தேதி, கோப்பின் பெயர், தன் பெயர், நான்கு தடவை ஓட்டிய முடிவுகள், திட்டத்துக்காரர்களுக்கும் ஒரு நகல். அனுப்பினாள். மன்னிப்பு கேட்கிற வரியை எழுதி அழித்துவிட்டிருந்தாள், அது தனக்காக எழுதின மாதிரி இருந்தது. நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. அடுத்து செய்ய வேண்டியது ஒன்று வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

சென்னியப்பன் முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் இயந்திரம் உறுமுவது கேட்டது. "ஆருங்க? மேடமுங்களா? கொரலே தெரியலீங்களே." "நான்தாங்க. மெஷின் வந்திருச்சா?" "காலைல ஏழு மணிக்கே வந்துருச்சுங்க. பக்கத்துக் காட்டை முடிச்சுட்டு நம்ம பக்கம் ரெண்டு ஏக்கரா ஆயிருச்சு. புதங்கிழமை கூப்பிட்டனுங்களே, ஆட்டையெல்லாம் எப்ப வெளியில ஓட்டறதுன்னு கேக்கலாம்னு." ரெண்டு ஏக்கர். "நிறுத்தச் சொல்லுங்க. உடனே." "என்னுங்க?" "நிறுத்தச் சொல்லுங்க! நான் சொன்னது தப்பு. அது சும்மா கெடக்கற நெலம் இல்லைங்க. நான் போட்ட எண் தப்பு." அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார், கொஞ்ச நேரம் வேறு வேறு குரல்கள், பிறகு அவரே வந்தார். "டிரைவரு கேக்கறாருங்க, யாரு சொன்னாங்கன்னு?" அவளுக்கு அதிகாரம் ஒன்றும் இல்லை, ஒரு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "நான் சொன்னேன்னு சொல்லுங்க. சுகிர்தா. வரைபடம் போட்டவ." அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வேறு யாருடையதோ போல வழுக்கி விழுந்தது, அவர் அதைச் சரியாகவே திருப்பிச் சொல்வது கேட்டது. உறுமல் இறங்கி, ஒரு இருமலோடு நின்றது. அந்தப் பக்கம் திடீரென்று ஆடுகளின் சத்தமும் காற்றும் மட்டும். "டீ குடிக்கற நேரம் வரைக்கும் நிறுத்தறானாமுங்க. அதுக்குள்ள அவங்க ஆபீஸ்ல இருந்து சொல்லோணும்ங்கறான்." "சொல்லுவாங்க. நான் சொல்ல வெக்கறேன்." சொல்ல வைப்பாளா? பன்னிரண்டாக இருபத்தைந்து நிமிஷம். எழுந்து பையை எடுத்தாள், ஆட்டோ பிடித்தால் போய்விடலாம், இல்லை, இங்கேயே வாசலில் நின்று கூட்டத்தில் சேர்ந்துவிடலாம். "மேடம், இருக்கறீங்களா?" என்றார் சென்னியப்பன். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "இந்த ரெண்டு ஏக்கராவுல குழியெல்லாம் மூடிப்போட்டா, கொழுக்கட்டைப் புல்லு மறுக்காவும் வருமுங்களா?" அவள் வாயைத் திறந்தாள். முப்பத்தோரு வரிசையிலும் இதற்கு எண் இல்லை. மண்ணைப் புரட்டிய பிறகு வேர் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும், விதை அடியில் போய்விட்டதா மேலே நிற்கிறதா, இந்த வருஷம் மழை எப்போது, ஒன்றும் அவளிடம் இல்லை. ஏதாவது சொல்லலாம், நல்லபடியாக ஏதாவது, நாக்கு நுனிக்கு அது வந்தும்விட்டது. "தெரியலைங்க" என்றாள். உதடு ஒட்டாமல் அது வெறும் காற்றாகப் போனது. "கேக்கலீங்க, என்ன சொன்னீங்க?" சுகிர்தா விரலால் கீழுதட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அந்த அறை முழுக்கக் கேட்க, மறுபடியும் சொன்னாள்: "எனக்குத் தெரியலைங்க."